மழை விட்ட பத்து நிமிடம்

*‘ரெட் அலெர்ட்’ என்றாலே நெஞ்சு படபடக்கும் ஊரில், சிலர் வராந்தாவில் நாற்காலி போட்டுக் குருவி பார்க்கிறார்கள். அதில் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? அது கிடைக்க நம் வீட்டு மண் எப்படி இருக்க வேண்டும்?*

கார்த்திகை மாதத்து விடிகாலை. தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் பக்கம் ஒரு தெரு. ராத்திரி பதினொரு மணிக்குப் போன கரண்ட் இன்னும் வரவில்லை. மொட்டை மாடிக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. கிரில் போட்ட வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கையில் டீ டம்ளர், எழுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதர். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். தெருவே அவரைக் ‘கண்டக்டர் ஐயா’ என்றுதான் கூப்பிடுகிறது.

“பேசாம உட்காரும்மா. இப்ப விட்டுடும், பாரு” என்கிறார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் கொய்யா மரத்துக்குள்ளிருந்து ‘ட்வீட்… ட்வீட்… ட்வீட்’ என்று ஒரு குரல் ஏற்கெனவே கிளம்பியிருக்கிறது. தையல்சிட்டு. அத்தனை சின்ன உடம்புக்குள் அவ்வளவு பெரிய தொண்டை எப்படி அடங்கியது என்று தெரியவில்லை. இரண்டு நிமிடத்தில் மழை நூல் நூலாக மெலிகிறது. பாதி விரிந்த வாழைக்குருத்தின் மடிப்பில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கிறது. எங்கிருந்தோ வந்த தேன்சிட்டு ஒன்று அதில் விழுந்து சறுக்குகிறது. மேலேறி, மறுபடி சறுக்குகிறது. நெஞ்சை இலையில் தேய்த்து, இறக்கையை உதறி, திரும்பவும் ஏறுகிறது. ராத்திரி முழுக்கக் கொட்டிய மழைக்குப் பிறகும் ஒரு குளியலா என்று எனக்குச் சிரிப்பு வருகிறது.

கண்டக்டர் ஐயா சிரிக்கவில்லை. மடியிலிருந்த நோட்டைத் திறந்து எழுதுகிறார்: ‘6.12. தேன்சிட்டு 1. வாழை.’ பழைய ட்ரிப் ஷீட் போலவே கோடு போட்டுக் கட்டம் பிரித்த நோட்டு. எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு.

அவர் முதுகுக்குப் பின்னால், நாற்காலியை விட உயரத்தில், சுவரில் ஒரு சிவப்புக் கோடு. 2015 டிசம்பரில் அந்த வீட்டில் தண்ணீர் நின்ற உயரம் அது.

கோட்டுக்குக் கீழே வாழ்கிறவர்கள்

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டியது 49 செ.மீ. மழை. அடையாறு கரை தாண்டி முடிச்சூர் தெருக்களில் படகு ஓடியது. அதற்குப் பிறகு சென்னைப் புறநகரில் மழைக்கு அர்த்தமே மாறிவிட்டது. 2021 நவம்பர், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் என்று ஒவ்வொன்றும் பழைய காயத்தைக் கீறிப் பார்த்தது. 2024 அக்டோபரில் பெருமழை வரப்போகிறது என்ற அறிவிப்பைக் கேட்டதுமே, முதல் துளி பெரிதாக விழுவதற்கு முன்னால் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்கள் வரிசை கட்டி நின்றன. வண்டியை மேட்டில் ஏற்றிவிட்டால் மனசு கொஞ்சம் அடங்கும் என்ற நம்பிக்கை.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான். அந்த மூன்று மாதமும் ஒரு பெரிய மக்கள் கூட்டம் செல்போனில் ரேடார் படத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில் காலம் தள்ளுகிறது.

கண்டக்டர் ஐயாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்தான். “மழை பேஞ்சா அரை மணிக்கொரு தடவ எழுந்து டார்ச் அடிச்சுப் பார்ப்பேன். கேட்டுகிட்ட மூணு படி இருக்குல்ல, எத்தனை படி முங்கிச்சுன்னு எண்ணணும். தண்ணியே இல்லாத அன்னிக்கும் எண்ணுவேன். வீட்டுல திட்டுவாங்க” என்கிறார். 2021 மழையில் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டபோது, பேத்திக்கு ஒரு வீட்டுப்பாடம்: வீட்டைச் சுற்றி வரும் பறவைகளைப் பட்டியல் போட வேண்டும். “தாத்தா, நீங்கதான் ஆள் எண்ணுறதுல கில்லாடியாச்சே” என்று நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டது அந்தப் பெண்.

“மொத நாள் காக்கா, மைனா, புறா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நாலாம் நாள் பார்த்தா ஒம்போது தினுசு. அன்னிக்கு ராத்திரியும் மழதான். படிய எண்ண எழுந்தேன். ‘காலைல அந்த வாலாட்டிக் குருவி திரும்ப வருமா’ன்னு நெனச்சுக்கிட்டே திரும்பப் படுத்துட்டேன்.”

பள்ளிக்கரணைப் பக்கம் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் ஒரு பெண்ணின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். ஐ.டி. நிறுவனத்தில் இரவு ஷிஃப்ட். மிக்ஜாம் புயலின்போது கரண்டும் இல்லை, நெட்வொர்க்கும் இல்லை, கீழே இறங்க வழியும் இல்லை. காம்பவுண்டு சுவரில் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒன்றுக்கொன்று இறகு கோதிவிட்டுக்கொண்டிருந்ததை அவர் பால்கனியிலிருந்து பார்த்தார். “நியூஸ் பார்க்க முடியலக்கா. அதனால குருவி பார்த்தேன். கரண்ட் வந்த பிறகும் பார்க்கிறேன்” என்கிறார். இப்போது அந்தப் பால்கனியில் இரண்டு செம்பருத்தித் தொட்டிகள் இருக்கின்றன.

மழைக்குள் ஒரு குருவி

கொட்டும் மழையில் குருவி என்ன செய்கிறது? பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. இலை அடர்ந்த இடமாகப் பார்த்து, கிளையோடு ஒட்டி, நிமிர்ந்து உட்கார்கிறது. இறகுகளை உடம்போடு அழுத்திக்கொள்கிறது. தலையில் விழும் தண்ணீர் முதுகு வழியாக வழிந்து போய்விடும். வாலின் அடியில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அந்த எண்ணெயை அலகால் தொட்டுத் தொட்டு இறகில் பூசிக்கொள்வதுதான் வெயில் நாளில் நாம் பார்க்கும் ‘இறகு கோதுதல்’. இறகின் இழைகள் கொக்கி போட்டதுபோல ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதாலும் தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காது. தூறலும் குளிரும் என்றால் இறகை உப்பிக்கொண்டு பந்தாகிவிடும். உள்ளே சிக்கிய காற்றுதான் அதற்குக் கம்பளி.

மழை இரைச்சலில் கூவினால் எவருக்கும் கேட்காது. அதனால் அப்போது மௌனம்.

ஆனால் அதிக நேரம் அப்படி இருக்கவும் முடியாது. தேன்சிட்டோ தையல்சிட்டோ எடை போட்டால் ஏறக்குறைய ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் எடைதான். அத்தனை சிறிய உடம்பில் சேமிப்பு கொஞ்சம், செலவு அதிகம். பட்டினி தாங்காது. ஆகவே மழை மெலிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்தாக வேண்டும். கண்டக்டர் ஐயாவுக்கு வானிலை தெரிந்ததன் ரகசியம் இதுதான். மேகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தையல்சிட்டின் வயிற்றுப் பசியைக் கேட்டுச் சொன்னார்.

மழை விட்ட அந்தப் பத்து நிமிடத்தில் தோட்டத்தில் நடப்பது ஒரு சந்தை. இலையடியில் ஒதுங்கிய பூச்சிகள் வெளியே வருகின்றன. ஈர மண்ணில் புழு நெளிகிறது. தவிட்டுக்குருவிகள் ஆறேழு சேர்ந்து வந்து சருகைப் புரட்டுகின்றன. கொண்டைக்குருவி நனைந்த கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு கொய்யாவைக் கொத்துகிறது. சாயங்காலம் புற்றிலிருந்து ஈசல் கிளம்பிவிட்டால் கேட்கவே வேண்டாம். கரிச்சான் கம்பியிலிருந்து பாய்ந்து பாய்ந்து பிடிக்கும். பனை உழவாரன்கள் மேலே வட்டமடிக்கும். மைனாவும் காக்கையும் தரையில் நடந்தே பொறுக்கும். இருட்டியதும் மீதிக்குத் தெருவிளக்கடியில் புள்ளி ஆந்தை வரும். ஈசலை வறுத்துப் பொரியோடு கலந்து தின்ற தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அவர்களைக் கேட்டுப்பாருங்கள், அந்த மாலைகளின் பரபரப்பைச் சொல்வார்கள்.

■ பெட்டி: மழைக்கால வாசலில் யார் யார்?

ஆறுமணிக்குருவி: வட, மத்திய இந்தியக் காடுகளில் கூடு கட்டி, பருவமழையை ஒட்டி நம் பக்கம் வலசை வருவது. விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் உடம்பில் உண்டு. ஆனால் சருகுக்குள் ஒளிந்துவிடும். களைத்துப்போய் வீட்டுக்குள்ளேயே விழுந்து கிடப்பதும் உண்டு.

கொடிக்கால் வாலாட்டி: குளிர்கால விருந்தாளி. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது பக்கவாட்டில் ஆட்டும்.

தகைவிலான்: மழைக்காலத்தில் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் வலசைப் பறவை.

கம்புள் கோழி: தண்ணீர் தேங்கிய காலி மனையில் நடமாடும் வெள்ளை முகக்காரர். மழை இரவில் விடாமல் கத்துவது பெரும்பாலும் இவர்தான்.

புள்ளிச் சில்லை: மழைக்குப் பின் புல் விதை முற்றும் காலத்தில் கூடு கட்டும். நீளமான புல் தாளை இழுத்துக்கொண்டு பறப்பதைப் பார்க்கலாம்.

தையல்சிட்டு, தேன்சிட்டு, கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, செண்பகம்: எல்லாக் காலத்திலும் நம்மோடு இருப்பவர்கள்.

அறிவியல் எதுவரை வருகிறது?

‘குருவி பார்த்தால் மனசு லேசாகும்’ என்பதை ஆராய்ச்சியாளர்களும் அளந்து பார்த்திருக்கிறார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் ஒரு செல்போன் செயலி மூலம் 1,292 பேரிடம் நாள்தோறும் பல தடவை கேட்டார்கள்: இப்போது பறவையைப் பார்க்கிறீர்களா, குரல் கேட்கிறதா, மனநிலை எப்படி இருக்கிறது? 2022-இல் வெளியான முடிவின்படி, பறவையைப் பார்த்த, கேட்ட நேரங்களில் மனநிலை மேம்பட்டிருந்தது. அந்த மேம்பாடு எட்டு மணி நேரம் வரை தெரிந்தது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடமும் இதே போக்கு இருந்தது.

அதே ஆண்டு ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 295 பேரை ஆறு நிமிடம் ஒலி கேட்க வைத்தார்கள். சிலருக்குப் பறவைக் குரல், சிலருக்குப் போக்குவரத்து இரைச்சல். பறவைக் குரல் கேட்டவர்களிடம் பதற்றமும் வீண் சந்தேகமும் குறைந்தன. ஆனால் மனச்சோர்வு குறையவில்லை. வாகன இரைச்சலோ சோர்வைக் கூட்டியது.

ஏன் இப்படி? அமெரிக்க உளவியலாளர்கள் ரேச்சல் கப்ளனும் ஸ்டீபன் கப்ளனும் முன்வைத்த விளக்கம் பொருந்துகிறது. கணக்குப் பார்ப்பது, வண்டி ஓட்டுவது, ரேடார் படத்தை உற்றுப் பார்ப்பது எல்லாம் மனதை இழுத்துப் பிடித்துக் கட்டிவைக்கும் வேலைகள். அதனால் மனம் களைக்கும். இலை அசைவதும் குருவி தாவுவதும் மனதைத் தாமாகவே மெல்ல ஈர்ப்பவை. அந்த நேரத்தில் களைத்த பகுதி ஓய்வெடுத்துக்கொள்கிறது.

இதோடு மழைக்காலத்துக்கே உரிய ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. மழைப் பயம் என்பது வராத தண்ணீரைப் பற்றிய பயம். நாளை ராத்திரியைப் பற்றியது. குருவியோ இந்த நொடியில் இந்தக் கிளையில் இருக்கிறது. கண் சிமிட்டினால் இல்லை. அதைப் பார்க்கிற வரைக்கும் நாளை ராத்திரிக்குள் போக வழியில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமின்மை, விடாத பதற்றம், வாழவே பிடிக்காத எண்ணம் என்றால் குருவி போதாது, மருத்துவர் வேண்டும். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ 14416, தமிழக அரசின் 104 ஆகிய எண்களில் எந்நேரமும் பேசலாம்.

சிமென்ட் போட்ட முற்றம்

கண்டக்டர் ஐயாவின் தெருவில் இருபது வீடுகள். அவற்றில் பெரும்பாலானவற்றின் முற்றம் சிமென்ட். 2015-க்குப் பிறகு போட்டது. சேறு வேண்டாம், பாம்பு வேண்டாம், கழுவ வசதி என்று காரணங்கள் எல்லாமே நியாயமானவை. ஒரு காலை நான் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மழை விட்ட நேரத்தில் நடந்தேன். சிமென்ட் முற்றங்களில் காக்கையும் புறாவும் இருந்தன. மண் இருந்த நாலைந்து வீடுகளில்தான் மற்ற எல்லாக் குரல்களும்.

காரணம் எளிது. தையல்சிட்டுக்குத் தேவை புதர். தவிட்டுக்குருவிக்குத் தேவை சருகு. ஆறுமணிக்குருவி சருகுக்கடியில் புழு தேடும் பறவை. ‘குப்பை’ என்று நாம் பெருக்கித் தள்ளுவதுதான் அவற்றின் சாப்பாட்டுத் தட்டு. தோட்டத்தைப் பளிச்சென்று வைத்துக்கொண்டு குருவி வரவில்லையே என்று ஏங்குவது, அடுப்பை அணைத்துவிட்டு விருந்தாளிக்குக் காத்திருப்பதைப் போல.

சிமென்ட் தரையில் விழும் மழைக்கும் போக்கிடம் கிடையாது, தெருவுக்குத்தான் ஓடும். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது 2003-இல். கூரைத் தண்ணீருக்குக் குழி தோண்டிய நாம், தரைத் தண்ணீருக்கு இருந்த மண்ணை மூடிவிட்டோம். ஒரு வீட்டுத் தோட்டம் அடையாற்று வெள்ளத்தைத் தடுத்துவிடாதுதான். ஆனால் சாதாரண மழைக்கே தெரு முழங்காலளவு நிற்பதில், மூடிய முற்றங்களுக்கு ஒரு பங்கு உண்டு. பயத்தில் போட்ட சிமென்ட் பயத்தையும் வளர்த்தது, பயத்தை ஆற்ற வந்த குருவியையும் விரட்டியது.

பெரிய அளவிலும் நிலைமை இதுதான். நாடெங்கும் சுமார் 30,000 பேர் சேர்த்த மூன்று கோடிப் பதிவுகளை வைத்து எழுதப்பட்ட ‘இந்தியப் பறவைகளின் நிலை 2023’ அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அவற்றில் 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்கிறது. வீட்டுத் தோட்டப் பறவைகளில் பல அந்தப் பட்டியலில் இல்லை. அதை நிம்மதியாக எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடக் கூடாது.

அன்பால் வரும் தொல்லை

குருவி பார்க்கத் தொடங்கியவர்கள் அடுத்துச் செய்யும் சில காரியங்கள் குருவிக்கே ஆபத்து. மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொல்லப்போய்க் கூட்டை இழந்த தூக்கணாங்குருவியின் கதை நமக்குத் தெரியும். இன்று அந்தக் குரங்கின் வேலையைச் செல்போன் செய்கிறது. குஞ்சு இருக்கும் கூட்டைப் படமெடுக்க இலையை விலக்கினால், அந்த வழியே மழையும் உள்ளே வரும், காக்கையின் கண்ணும் உள்ளே வரும். செயலியில் பறவைக் குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் தவறு. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக எண்ணி, சாப்பிட வேண்டிய நேரத்தைச் சண்டைக்குச் செலவழித்துவிடும்.

‘மழையில் பாவம்’ என்று கிளியைப் பிடித்துக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மிக்ஸரும் காராபூந்தியும் போடுவது காக்கையையும் புறாவையும்தான் பெருக்கும். உப்பும் எண்ணெயும் சின்னக் குருவிக்கு ஆகாது. மழைக்கு முன் கிளை வெட்டுவது மின்கம்பிப் பாதுகாப்புக்குத் தேவைதான். வெட்டுகிறவர்களிடம் “கூடு இருக்கான்னு ஒரு தடவ பாருங்கண்ணே” என்று சொல்ல நமக்கு அரை நிமிடம் போதும்.

மழைக்காலத்தில் வரும் தீபாவளியும் உண்டு. வேடந்தாங்கலிலும், சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிப்பதை மக்களே விட்டுவிட்டார்கள். ஒரு ஊரே விட்டுக்கொடுத்த இடத்தில், கூடு இருக்கும் மரத்தடியில் மட்டும் சரவெடி வேண்டாம் என்று நாம் முடிவெடுப்பது பெரிய காரியமில்லை.

■ பெட்டி: தொடங்குவது எப்படி?

1. ஒரே நாற்காலி, ஒரே ஜன்னல், ஒரே நேரம். மழை விட்டதும் பத்து நிமிடம். செல்போன் உள்ளே இருக்கட்டும்.

2. பெயர் தெரிய வேண்டியதில்லை. என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். பெயர் தானாக வரும்.

3. ஒரு நோட்டு. நேரம், பறவை, எண்ணிக்கை, இடம். பழகிய பிறகு ‘ஈபேர்ட்’ தளத்தில் ஏற்றலாம். ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேரலாம்.

4. செம்பருத்தி, இட்லிப்பூ, முருங்கை, கொய்யா, வாழை. இவற்றில் இரண்டு இருந்தால் போதும்.

5. பறவைக்குத் தண்ணீர் வைத்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டிக் கழுவி மாற்றுங்கள். மழைக்காலத்தில் தேங்கிய நல்ல தண்ணீர் டெங்கு கொசுவின் தொட்டில்.

6. வீட்டுக்குள் விழுந்த பறவையை அட்டைப்பெட்டியில் துளையிட்டு, இருட்டில், அமைதியாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்ததும் திறந்துவிடுங்கள், அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

நாலடி மண்

அரிய பறவையைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதற்கு நம்மிடையே ஒரு பெரிய முன்னோடி உண்டு. சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950-இல் தொடங்கிய பத்தியை 1996-இல் மறையும் வரை, 46 ஆண்டுகள் எழுதினார். யானையும் காட்டெருமையும் மட்டுமல்ல, வீட்டைச் சுற்றித் திரியும் எளிய உயிர்களும் அதில் இடம்பெற்றன.

நான் கிளம்பும்போது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கண்டக்டர் ஐயா நோட்டை மூடிவிட்டு, கேட்டுப் பக்கம் கை காட்டினார். சுற்றுச்சுவரை ஒட்டி நாலடி அகலத்துக்குச் சிமென்ட்டைப் பெயர்த்திருந்தார். “போன கோடையில மேஸ்திரியக் கூட்டிட்டு வந்து உடைச்சேன். ‘நல்ல தரைய எதுக்கு சார் உடைக்கிறீங்க’ன்னு ரெண்டு தடவ கேட்டான்.” அந்த நாலடியில் ஒரு முருங்கைக் கொம்பு துளிர்விட்டிருந்தது, அடியில் அள்ளாத சருகு. மாடிக் குழாயின் தண்ணீர் அங்கே இறங்கிக்கொண்டிருந்தது. பயம் போய்விட்டதா என்று கேட்டேன். “போவலம்மா. ரெட் அலெர்ட்னா இன்னமும் படிய எண்ணத்தான் செய்றேன். ஆனா விடிஞ்சா வேற வேல இருக்குல்ல” என்றார்.

சிமென்ட் தரை உடைக்கக் கோடைதான் ஏற்ற காலம். அடுத்த ஐப்பசி வருவதற்குள் உங்கள் முற்றத்திலும் நாலடியைத் திறந்துவிடுங்கள். முற்றம் இல்லாதவர்கள் ஒரு செம்பருத்தித் தொட்டியிலிருந்து தொடங்கலாம்.